பூவாடைக்காரி சொன்ன இடம்

மஸ்கட்
4-3-1991

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு,

நான் சுகம். உன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியதில் சந்தோஷம். அம்மாவின் சாவுக்குத்தான் வர முடியவில்லை, இதற்காவது பார்க்கிறேன்.

அம்மா வீட்டை உனக்கே எழுதிவைத்ததாகச் சொல்கிறாய். அந்த உயிலைக் கண்ணில் காட்டு, நான் ஏன் குறுக்கே நிற்கிறேன்? இல்லையென்றால் விற்றுப் பாதிப்பாதி எடுத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்ளாதே.

போன லீவில் அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை கல்லாகிவிட்டது. திரும்பிப் படுத்தால் காதோரம் சருகு மிதிக்கிற சத்தம். ஆனாலும் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

அன்புத் தம்பி
கஜபதி

அயனம்பாக்கம்
20-3-1991

தம்பி கஜபதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பரண், அரிசிப்பானை, சாமிப் படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டேன். பூந்தமல்லியில் வக்கீல் குமாஸ்தாவிடம் அம்மா உயில் எழுதி வாங்கியதை நான் பார்த்தேன். எங்கே வைத்தாய் என்றால் சிரிப்பாள். பதிவும் செய்யவில்லை. சாட்சி போட்ட இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூவாடை வைத்தோம். செத்தவர்களை அழைத்து உத்தரவு கேட்காமல் நம் வீட்டில் கல்யாணத்தைத் தொடுவோமா? ஏரிக்கரையில் பம்பைக்காரர் வேம்புலி பம்பை அடித்து அம்மாவைக் கூப்பிட்டார். என்மேல் வருவாள் என்று நின்றேன். உன் பெண்டாட்டிமேல் வந்தாள். வீட்டை விற்கச் சொல்லி அதிகம் துடிப்பவளே சொர்ணம்தான். அவள் அம்மாவைப் போலவே இடது காலை இழுத்து நடந்தாள். உயில் எங்கே தாயே என்று வேம்புலி கேட்டார்.

"என் புள்ள தலைக்கடியில தெச்சி வெச்சிகீறேன். அவன் பாத்தா அக்காவுக்குக் குட்த்துடுவான்" என்றாள். அம்மாவின் குரலேதான்.

பிறகு சொர்ணத்துக்கு எதுவும் ஞாபகமில்லை. அந்தத் தலையணையைப் பிரித்துப் பார், ராஜா.

அக்கா வசந்தா

மஸ்கட்
9-4-1991

அக்காவுக்கு,

பிரித்தேன். பஞ்சுதான் இருந்தது. சனியன் ஒழிந்தது என்று குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். பம்பைக்காரன் பேச்சைக் கேட்டு என்னைச் சந்தேகப்படாதே. கல்யாணம் முடிந்ததும் வீட்டை விற்க ஏற்பாடு செய்.

எனக்குத் தூக்கமில்லை. புதுத் தலையணை வாங்கினேன். அதிலும் அந்தச் சத்தம் கேட்கிறது.

கஜபதி

அயனம்பாக்கம்
24-4-1991

கஜபதிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். பம்பை இல்லை, உடுக்கை இல்லை. பட்டப்பகலில் சொர்ணம் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையைப் போட்டுவிட்டு, எரியுதே, தண்ணி ஊத்து என்று கதறினாள். குடம் குடமாக ஊற்றினோம். ஈரத் தலையிலும் பஞ்சு கருகிய வாடை போகவில்லை.

குப்பையில் போட்ட பஞ்சு எரியாதே, தம்பி.

வயிறு எரிகிறது. ஆனாலும் நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நீ, சாபம் விடமாட்டேன். வீடு உனக்கே இருக்கட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சொர்ணத்திடம் கொடுத்துவிட்டேன். நூம்பலில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். அங்கே எனக்குக் கடிதம் போடாதே.

நேற்று விளக்கேற்றி, என்னோடு வந்துவிடு அம்மா என்று அழைத்தேன். பின்னால் நின்ற சொர்ணத்தின் வாயிலிருந்துதான் பதில் வந்தது.

"நான் வல்ல. என் புள்ள தலமாட்டாண்டயே கீறேன்."

வசந்தகுமாரி