கீழைப் பகுப்பூர் மதிலில் சாரப்புரதரை மீண்டும் நிறுத்துமாறு விடுத்த ஓலை

நலம் நிலைக்க. குடல் என்னும் பெருநாட்டின் கரையில், தோளோடு தோள் ஒட்டிச் சுவராய் நிற்கும் உயிரணு நகரங்களுள் மேலைப் பகுப்பூரை ஆளும் மதில்காத்த மருதங்கண்ணன், ஒரே நகர் இரண்டாய்ப் பிரிந்தபோது தன்னுடன் பிறந்தவரும் அண்டை மதிலுக்கு உரியவருமாகிய கீழைப் பகுப்பூர்க் கோமான், தம்பி பொறையனுக்கு விடுக்கும் ஓலை. உம் நகரின் உலைக்களங்கள் அணையாதிருக்க.

நம் இருவர் மதிலுக்கும் நடுவிலுள்ள சந்து கசிகிறது. குடலாற்றின் நஞ்சு அதன் வழியே புகுந்து, பின்புறத்துக் குருதிக் கால்வாயை எட்டிவிட்டது. எம் காவற்புரதர் வரிசை குலையாமல் சந்தின் குறுக்கே கை நீட்டியபடி நிற்கின்றனர். பற்றிக்கொள்ள உம் பக்கத்தில் கை இல்லை.

காரணம் அறியச் சென்ற எம் தூதர் திரும்பிவந்து உரைத்ததாவது: கட்டடத்துக்குச் சாரம்போல் மதிலின் உட்புறம் தாங்கி நின்ற சாரப்புரதரை நீர் பணியிலிருந்து விலக்கினீர் என்பதும், கதவு காக்காமல், சுமை தூக்காமல் சும்மா நிற்பவனுக்குச் சோறு எதற்கு என்று அவையில் நகைத்தீர் என்பதும், அவர்களுக்குப் பதிலாகக் காவலரை இருமடங்காக்கினீர் என்பதுமாம். நல்ல வேலை செய்தீர், தம்பி. கூட்டிய காவலர் எல்லாம் பக்கமதிலிலும் அடிமதிலிலும் திசைக்கொருவராய் அலைகின்றனராம்.

சாரப்புரதரின் வேலை நிற்பதுதான். அவர்களில் ஒவ்வொருவருக்கும் கைகள் பல. ஒரு கையால் காவலனைச் சந்தின் ஓரத்தில் பிடித்து நிறுத்துவர். மறுகையால் நகரின் உட்கயிறுகளைப் பற்றுவர். மற்றக் கைகளால் தம்மவரையே கோத்துக்கொள்வர். அந்தப் பிடி இருப்பதால்தான் காவலர் வரிசையாகின்றனர், நகர் இழுபட்டாலும் மதில் பிரியாதிருக்கிறது.

நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. சந்தை மூடாத நகரை அண்டை நகரங்கள் கூடி, அடியிலிருந்து இறுக்கி ஆற்றில் தள்ளிவிடும். ஏனையோர் இசைந்துவிட்டனர், எம் இசைவு ஒன்றே பாக்கி. உடன்பிறந்த நகரைத் தள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் நஞ்சு குருதிக்குப் போக விடமாட்டோம்.

ஆதலால், அடுத்த உணவுப் பெருக்கு ஆற்றில் வருமுன், விலக்கிய சாரப்புரதரை அழைத்து அதே மதிலோரத்தில் நிறுத்துக. நிறுத்தினால் எம் காவலர் உம்மவர் கையைப் பற்றுவர். தவறினால் முதலில் இறுக்குவது எம் மதிலே. நீர் ஆற்றில் விழுமுன் எம் காவலர் உமக்கு அப்பாலுள்ள நகரத்தாருடன் கைகோத்துவிடுவர். நீர் நின்ற இடம் என்று ஒன்று இராது.

மதில் முத்திரை இட்டு இதனைக் கட்டளையாக விடுத்தோம். உம்மைத் தள்ளுதற்கு ஏனையோர் கேட்ட இசைவோலையும் எழுதியாயிற்று, அதற்கு மட்டும் இன்னும் முத்திரை இடவில்லை.