எதிர்ப்பு யாருக்கு

தீக்காயக் களிம்பின் வாசனை இன்று காலை என் அலுவலகத்துக்குள் வந்தது. பட்டாசு ஆலை விபத்து வழக்குக்காக வந்த விஸ்வநத்தத்துக் கட்சிக்காரர் ஒருவர் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தார். அவர் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டே உன்னை நினைத்தேன், நண்பா. நீ இல்லாத இரண்டாவது பட்டாசு சீசன் இது.

விருதுநகரில் நாம் சேர்ந்து வேலை பார்த்த மருத்துவமனைக்கு நான் சட்ட ஆலோசகன். நீ அங்கே நோய்களின் பெயர்களைக் குறியீட்டு எண்களாக மாற்றும் கோடிங் பிரிவில் இருந்தாய். நாரணாபுரத்தில் பட்டாசு மருந்து தீப்பற்றி வெந்துபோன ஒருவரை, சிகிச்சை முடியுமுன்பே அவருடைய மனைவி வீட்டுக்கு அழைத்துப்போக நின்றார், ஒரு பிற்பகலில். புண்ணில் இருந்த கிருமி, கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை. டாக்டர் வேறு மருந்து எழுதியிருந்தார். அதற்குள் வார்டில் யாரோ அந்த அம்மாளிடம் "எதிர்ப்பு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

"எதிர்ப்பு சக்தி இருக்குன்னுட்டாக. பெறகு எதுக்கு ஊசி? வீட்டுல வச்சு ஆத்திக்கிடுதோம்" என்றார் அவர். கணவர் சக்கர நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார்.

நீ முன்னே போனாய். நான் உன் கையைப் பிடித்தேன். "நீ டாக்டர் இல்ல. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ சொன்னதுதான் சாட்சியா நிக்கும்" என்றேன். சட்டப்படி அது சரியான அறிவுரை. இன்றும் அப்படியே கருதுகிறேன்.

"ஏலே வக்கீலு, ஒங் கேஸ நாளைக்குப் பாப்போம்லே. இன்னைக்கு ஆளு இருக்கணும்" என்று உதறிவிட்டு அவரிடம் சொன்னாய்: "எக்கா, எதிர்ப்பு இவுகளுக்கு இல்ல, கிருமிக்கு. போட்ட மருந்தத் தாங்கிக்கிட்டு அது தெம்பா இருக்கு."

அவர் முகம் வெளுத்தது. நாற்காலியின் பிடியை மட்டும் விடவில்லை.

"அப்ப இவுகளுக்கு என்னதான் இருக்கு, அண்ணாச்சி?"

"வேற மருந்து ஒண்ணு இருக்கு. டாக்டர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கனயே இருங்க."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். ஹாரன் மறுபடியும் ஒலித்தது. பிறகு நாற்காலியை வார்டுப் பக்கம் திருப்பினார்.

கணவர் பிழைத்தார். வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

எப்படித் துணிந்தாய் என்று பின்னர் கேட்டேன். "எங்க கோடிங்குல எதிர்ப்புக்கான நம்பரத் தனியா எழுத விடமாட்டாக. மொதல்ல நோயி, பெறகுதான் அது. தனியா நின்னா யாரோடதுன்னு தெரியாதுல்ல. ஒங்க சட்டத்துல இதெல்லாம் கெடையாதாக்கும்?" என்றாய்.

அந்த மருத்துவமனையின் ஒப்புதல் படிவங்களை இன்னும் நான்தான் திருத்துகிறேன். "மருந்து எதிர்ப்பு" என்று வரும் இடத்தை அடித்துவிட்டு, "கொடுத்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகவில்லை" என்று எழுதுகிறேன். இது சட்ட நடையாக இல்லையே என்றார் சக வழக்கறிஞர் ஒருவர். இல்லைதான் என்றேன். மாற்றவில்லை.