அ. எழில்மொழியும் பு. எழில்மொழியும்

மே 12, திங்கள்

காலையில் கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்று மாடு, ஓர் ஆடு, நடுவில் ஒரு கடிதம். கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்திருக்கிறது. தொகையைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்தேன். போன வருடத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஐந்து வருடமாக ஒரு கீறலுக்குக்கூட நஷ்டஈடு கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் ஓட்டினால் தள்ளுபடி உண்டு. அதைத்தான் காணோம்.

தஞ்சாவூர் கிளைக்குப் போன் செய்தேன். ஹாஃபிஸா என்று ஒரு பெண், தன்மையான குரல். தள்ளுபடி அ. எழில்மொழிக்கு உரியதாம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோ பு. எழில்மொழியாம்.

“புது ஓனருக்கு அந்த போனஸ் வராது மேடம்.”

பழைய ஓனரும் நான்தான் என்றேன்.

“அதுக்கு ஏதாவது டாக்குமென்ட் இருக்கா மேடம்?”

நான்தான் நான் என்பதற்கு டாக்குமென்ட். இல்லை.

மே 13, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் எல்லாம் மலேசியாவால் வந்தது. கல்யாணமான பிறகும் பல வருடம் அப்பா அரசப்பனின் ‘அ’வோடுதான் இருந்தேன். மலேசியா போகலாம் என்று பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பியபோது, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தால் சுலபம் என்று இவர் சொன்னார். புகழேந்தியின் ‘பு’ ஆதாரில் ஏறியது. போன வருடம் வீடு மாறி ஆர்.சி.யில் முகவரி மாற்றியபோது, ஆதாரைப் பார்த்து அங்கேயும் ‘பு’ போட்டுவிட்டார்கள். இன்ஷூரன்ஸை யாரும் நினைக்கவில்லை. மலேசியாவுக்கு இன்னும் போகவில்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா. “அ-வும் பு-வும் சமம்னு நிரூபிக்கணும், அவ்வளவுதானே” என்றார். தோசையை ஒன்றோடு நிறுத்திவிட்டேன். அவருக்கு.

மே 15, வியாழன்

தஞ்சாவூர் போய் ஹாஃபிஸாவை நேரில் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தாள், ஃபேனை என் பக்கம் திருப்பினாள், தள்ளுபடியை மட்டும் தரவில்லை. தாசில்தாரிடம் ‘இருவரும் ஒருவரே’ என்று சான்று வாங்கி வரவேண்டும். அதற்கு என் அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும்.

“அப்பா ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா முடிஞ்சுது மேடம். அதுல என்ன கஷ்டம்?”

பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

மே 16, வெள்ளி

அப்பா என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.

மே 18, ஞாயிறு

ஊருக்குப் போனேன். கூத்தாநல்லூர் தாண்டினதிலிருந்தே காரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஊருக்கு வந்த போலீஸ்காரர், என் பெயரை ‘பு’ போட்டு அப்பாவிடமே வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்பா சண்டை போடவில்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டார். அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி, பிறகு குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக வாங்கி என்னைப் படிக்கவைத்த மனிதர். மாட்டு டாக்டர் என்றாலும் எங்கள் தெருவில் நான்தான் முதல் டாக்டர். பெயருக்கு முன்னால் அவர் எழுத்து இல்லை என்றால் கோபம் வராதா? வரும். ஆனால் மூன்று வருடமா?

அவர் விதைநெல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம் சொல்வதுபோல் விஷயத்தை உரக்கச் சொன்னேன். அவர் மாட்டிடம் பதில் சொன்னார்.

“அ. எழில்மொழின்னா எம் பொண்ணு. டாக்டருக்குப் படிச்சா. இந்தப் பு. எழில்மொழி யாருன்னு எனக்குத் தெரியாது.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எழுத்துப் பிசகாமல் இதையேதான் சொல்கிறது.

அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தாள். மாட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தது மாடு மட்டும்தான்.

மே 21, புதன்

விடிவதற்குள் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. போன் செய்தார். அவர் வீட்டுப் பசுவுக்குக் கன்று குறுக்கே கிடக்கிறது என்று. தோள் வரைக்கும் கையை விட்டு, திருப்பி, இழுத்து, நல்லபடியாகக் கிடேரிக் கன்று. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் டாக்டர் என்றார்.

கேட்டேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அதுக்கு அப்பா வாக்குமூலம் வேணுமே டாக்டர்” என்றார்.

ஒரு தூக்கு சீம்பாலோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றோடு இன்ஷூரன்ஸ் முடிந்தது. வண்டி வாசலில் நிற்கிறது. பேசாமல் கேட்டதைக் கட்டிவிடலாமே என்கிறார் இவர். கட்டலாம். கட்ட முடியாமல் இல்லை.

அஞ்சு வருஷம் ஒழுங்கா ஓட்டினது நானு. வயக்காட்டு வரப்பு, வாய்க்கா மதகு, ஒரு இடத்துல இடிச்சதில்ல. அந்தப் பேரை எவளோ ஒருத்தின்னு தூக்கிக் குடுத்துடணுமா? — கோபம் கம்பெனி மேலேதானா? பெத்தவரும் தெரியாதுன்னுட்டாரு, கம்பெனியும் தெரியாதுன்னுட்டுது. அப்ப நான் யாருதான்?

ஜூன் 4, புதன்

அப்பா ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கு வயிற்று உப்புசம், உடனே போகவேண்டும். பஸ் போய்விட்டது. இவர் ஸ்கூட்டரோடு பள்ளிக்கூடத்தில். பால்காரர் அல்லா பிச்சை பாய் எதிரே வந்தார். அவர் டி.வி.எஸ். வண்டியில் இரண்டு கேனுக்கும் நடுவில், மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பால் தளும்பியது. நானும்.

டீக்கடை வாசலில் அப்பா, கையில் கிளாஸோடு. பாய் சும்மா போயிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, “அரசப்பண்ணே, ஒங்க டாக்டரம்மாவத்தான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அப்பா மட்டும் கிளாஸுக்குள் பார்த்தார்.

மாடு பிழைத்துக்கொண்டது.

ஜூன் 5, வியாழன்

அம்மா போன். காரை பேங்க்காரன் ஜப்தி பண்ணிவிட்டானா என்று டீக்கடையில் அப்பாவை யாரோ கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை விற்றுவிட்டாராமே என்று இன்னொருத்தர். வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லையாம்.

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வி.ஏ.ஓ. கூப்பிட்டார். “உடனே தாலுகா ஆபீசுக்கு வாங்க டாக்டர். உங்க அப்பா வந்து உக்காந்திருக்காரு.”

பாதி ஊசியில் விட்டுவிட்டு ஓடினேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு பை. அதில் என் பிறப்புச் சான்று, பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு, நிலப் பட்டா, ஏன் என்று தெரியாமல் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்.

தாசில்தார் ஒரு அம்மா. மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பெரியவரே, இதுல ரெண்டு பேரு போட்டிருக்கு. இதுல உங்க பொண்ணு யாரு?”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

“ரெண்டும் எம் பொண்ணுதாங்க.”

எனக்கு அங்கே இருந்த நாட்காட்டியில் அவசரமாக ஏதோ தேதி பார்க்க வேண்டியிருந்தது.

அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். அப்பா போட்டது அரசப்பன். பட்டாவில் இருப்பது ராசப்பன். இது யார் என்று கேட்டார்.

அப்பா முகம் வெளுத்துவிட்டது. பட்டாவைக் காட்டவே தேவையில்லை. பெருமைக்காகக் கொண்டுவந்திருக்கிறார், சொந்த நிலம் என்று.

“ரெண்டும் எங்க அப்பாதாங்க” என்றேன். “வேணும்னா எழுதிக் குடுக்குறேன்.”

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டு அப்பா சொன்னார்: “அந்தப் பால் வண்டியில இனிமே ஏறாத.”

மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. சரிப்பா என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஹாஃபிஸா சான்றை இரண்டு தடவை படித்தாள். தள்ளுபடி முழுசாகத் திரும்பிவிட்டது. ஆனால் பாலிசி விட்டுப்போனதால் வண்டியைச் சோதிக்க ஆள் வந்தார். பின்சீட்டில் கயிறு, கம்பூட்ஸ், தவிட்டுச் சாக்கு எல்லாம் பார்த்துவிட்டு, சரக்கு ஏற்றும் வண்டியா என்று கேட்டார். சொந்த உபயோகம்தான் என்று அவரை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

புது பாலிசியில் ‘பு’ என்றுதான் போட முடியுமாம், ஆர்.சி.யில் அப்படி இருப்பதால். பயந்துகொண்டே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“சரி. அந்தப் பொண்ணும் நல்லாத்தானே ஓட்டுது” என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் ஒரு நாள் நாகப்பட்டினம் போய் மீன் வாங்கி வரவேண்டும் என்று அப்பாவே போன் செய்தார். போனோம். அம்மாவும் இவரும் பின்னால், அப்பா முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு.

நன்றாக ஓட்டுகிறேன் என்றவர் அவர்தானா என்று சந்தேகமாகிவிட்டது. வளைவில் ஹாரன் அடிக்கவில்லை, லாரிக்கு வழி விடவில்லை, கியரை அடித்து மாற்றுகிறேன், ரோட்டைப் பார்க்காமல் வயலைப் பார்க்கிறேன். நடுவில் குறுவை, யூரியா, சித்தப்பா வீட்டு வழக்கு, அம்மாவின் முட்டிவலி. மூன்று வருடத்துப் பேச்சு முழுவதும் கடல் வருவதற்குள் தீர்ந்துவிடும்போல இருந்தது. இவர் பின்னால் தூங்குவதுபோல் நடித்தார்.

திரும்பும்போது காது வலிக்கிறதே என்று பாட்டுப் போட்டேன். அப்பா அதை அணைத்துவிட்டு மறுபடி ஹாரனிலிருந்து ஆரம்பித்தார்.