பினாங்கில் கை நனைத்தது

5.2.94 சனி. ராஜபாளையம்

காலையில் பனி. கொடியில் துணி காயவில்லை.

மருமகள் சரோஜா காலில் கட்டு. நேற்று மாடிப்படியில் வழுக்கினாள். பினாங்குப் பயணம் இனி அவளுக்கு இல்லை. செல்வம் தனியாகப் போய், பேத்திக்குப் பேசும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வருகிறானாம். என் மகன்தான். பேண்டேஜ் துணி வியாபாரம். துணியில் இழை பார்க்கத் தெரியும், வீடு பார்க்கத் தெரியாது. நான் வாரேன் என்றேன். சிரித்தார்கள். போன வருடம் எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்தபோது எனக்கும் எடுத்ததுதானே என்றேன். சிரிப்பு நின்றது. விசா மெட்ராஸ் ஏஜெண்ட் பொறுப்பு.

எதிர்வீட்டு ராமுத்தாய்: "பேத்தியக் கப்பல்ல ஏத்தி விடப் போறியளாக்கும்? உள்ளூர்ல மாப்பிள்ளையே கெடைக்கலையோ?"

"கப்பல் இல்லட்டி, ஏரோப்ளேன்."

எடுக்க வேண்டியது: புளிச்சோறு, எள்ளுருண்டை, சுகர் மாத்திரை, தைலம், ஸ்வெட்டர் (வேண்டாம் என்கிறான், இருக்கட்டும்).

சாயங்காலம் மாலதி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தாள். என் பேத்தி பி.எஸ்ஸி. கணக்கு, காலேஜில் முதல். டப்பாவைத் தானே என் பையில் வைத்தாள்.

"அப்பத்தா, போட்டோ பாத்தேன். ஆளு பரவால்ல. நெனச்சப்ப ஊருக்கு வந்துட்டுப் போக விடுவாகளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. விடுவாகன்னா இதக் குடுங்க. இல்லன்னா திருப்பிக் கொண்டாந்துருங்க."

சரி என்றேன்.

7.2.94 திங்கள். மெட்ராஸ்

புழுக்கம். விசா ஆபீசில் ஏஜெண்ட், "பாட்டிம்மா, கைநாட்டா?" என்றான். இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் கையெழுத்து செல்வத்தை விட அழகு.

8.2.94 செவ்வாய்

ஏரோப்ளேன். காது அடைத்தது. மேகம் கீழே கிடந்தது. பஞ்சு மாதிரி என்பார்கள். இல்லை. பஞ்சை நான் பார்த்திருக்கிறேன்.

9.2.94 புதன். பினாங்கு

வேர்வை காயவே மாட்டேன் என்கிறது. ஏரோப்ளேன் இறங்கிய ஊரிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ். விடியலில் கடல் மேல் பாலம், முடியாமல் போய்க்கொண்டே. லாட்ஜுக்குக் கீழே தமிழ்க் கடைகள். அடுத்த தெரு சீனர்கள். எங்கும் சிவப்புக் காகித விளக்கு. நாளை அவர்களுக்கு வருடப் பிறப்பாம். புளிச்சோற்றில் லேசாக வாடை. தின்றேன்.

மத்தியானம் மாப்பிள்ளை வீடு. ஒன்பதாம் மாடி. மாப்பிள்ளையின் அம்மா பார்வதி நம் சுந்தரபாண்டியத்துப் பெண், கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள். வீட்டுக்காரர் தவறிவிட்டார். மாப்பிள்ளை சேகர், கம்பெனியில் சூப்பர்வைசர். போட்டோவைவிடக் கறுப்பு. நல்ல பல்.

கதவைத் திறந்தது மூத்த மருமகள். சீனப் பெண். பெயர் மெய்லின். மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும்தான் கடிதத்தில் இருந்தது.

"வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள். செல்வம் கதவு எண்ணை மறுபடி பார்த்தான்.

பலகாரத் தட்டு வந்தது. தொடவில்லை. முடிவு சொல்லும் முன் சம்பந்தம் பேசும் வீட்டில் கை நனைப்பதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். பார்வதி வற்புறுத்தவும் இல்லை. ஊர் முறை மறக்கவில்லை போல. தண்ணீர் மட்டும் குடித்தோம்.

லிஃப்டில் செல்வம்: "மறைச்சுட்டாகம்மா. நாளைக்கே கெளம்புவோம்."

எனக்கும் கோபம்தான். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவர்கள் சோபாவில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறதி இல்லை. சம்பந்தம் பார்க்கப் போகும் வீட்டில் எதையாவது விட்டு வருவது என் வழக்கம். எடுக்க வந்தேன் என்று மறுநாள் சொல்லாமல் போய் நிற்கலாம். சரோஜாவைப் பெண் பார்க்கப் போனபோது விட்டு வந்தது குடை.

10.2.94 வியாழன். தை அமாவாசை

விடிய விடிய வெடிச் சத்தம். தூக்கம் இல்லை. செல்வம் தலைமுழுகி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடக் கோயிலுக்குப் போனான். காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிடக் கூடாது. லாட்ஜில் எங்கே வைப்பது. லாட்ஜ்காரர் டாக்சியில் ஏற்றிவிட்டார். லிஃப்டில் ஒன்பதை நானே அமுக்கினேன்.

கதவு திறந்தே கிடந்தது. சேகர் கைலியோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் உள்ளே ஓட்டம். பார்வதி அடுப்படியில்.

"மருமக எங்க?"

"ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா பெரியம்மா. வருசப் பொறப்புல்லா."

"அமாவாசையும் அதுவுமா ஒன்னத் தனியா விட்டுட்டா?"

"நாந்தான் போன்னு அனுப்புனேன். எனக்கென்ன கையா இல்ல?"

"எப்ப வருவா?"

"வரும்போது வருவா. நான் கேக்கதில்ல." அடுப்பைக் குறைத்தாள். "எங்க ஆத்தா செத்ததுக்குக்கூட மாமியா என்னய ஊருக்கு விடல. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"சீனப் பிள்ளைன்னு ஏன் எழுதல?"

"எழுதியிருந்தா நீங்க வந்தே இருக்க மாட்டிய."

வந்திருக்க மாட்டேன்தான்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் இன்று படையல். பால்கனியில் இலைத்துண்டில் சோறு வைத்தாள். பக்கத்தில் இன்னொரு துண்டு போட்டு, "ஒங்க வீட்டுப் பெரியப்பாவுக்கு" என்றாள். ஒன்பதாம் மாடிக்குக் காக்கை வருமா என்றேன்.

"பழக்கி வச்சிருக்கேன்."

வந்தது. நம் ஊர்க் காக்கையைவிடக் கொழுப்பு. இரண்டு இலையிலும் எடுத்தது.

பிறகு கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்க மாமியா என்னயப் பாக்க வந்தப்ப செருப்பையே விட்டுட்டுப் போனா பெரியம்மா." அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

"சோத்தப் போடு."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. சாம்பாரில் உப்புக் கம்மி. சொல்லவில்லை. மறுசோறும் வாங்கினேன்.

லாட்ஜில் செல்வம்: "பட்டினியாவா இருக்கீக?"

"சாப்பிட்டாச்சு."

"எங்க?"

சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டான். "ஊர்ல கேட்டா என்னம்மா சொல்ல?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கப் போனான். நமக்கும் கொஞ்சம் வாங்கச் சொன்னேன்.

13.2.94 ஞாயிறு. ராஜபாளையம்

வெயில். கால் வீக்கம். சரோஜாவுக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் செல்வம் யாரிடமோ சொன்னது எனக்கு முன்னால் வந்துவிட்டது. ராமுத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மூத்த மருமக சீனச்சியாமே?"

"ஆமா. ஒன் மருமகள விட நல்லாத் தமிழ் பேசுதா."

மாலதி காப்பி கொடுத்தாள். அழுக்குத் துணி எடுக்கிறேன் என்று என் பையைத் தூக்கிப் போனாள். ஸ்வெட்டர், தைலம், ஆரஞ்சு, ஒவ்வொன்றாகக் கட்டில்மேல். கடைசியில் பையைக் கவிழ்த்து உதறினாள். பால்கோவா டப்பா இல்லை.

மறுபடியும் உதறினாள்.