கிள்ளான் வரை போய் வந்த காய்ச்சல்

அக்கா,

உன் கித்தான் பையைத் திறந்தேன். அத்தை சுடுதண்ணீரில் ஊற வைத்துத் துவைத்தும் கார்பாலிக் சோப்பு வாசனை அதைவிட்டுப் போகவில்லை. காய்ச்சலுக்குத் தரும் கொய்னா மாத்திரை ஒன்றாவது அடியில் கிடக்காதா என்று கையை விட்டுத் துழாவினேன். சைக்கிள் சங்கிலி துடைக்கும் துணிதான் கிடைத்தது.

எனக்குக் காய்ச்சல், அக்கா. முந்தாநாள் பொழுது சாய்ந்ததும் குளிரெடுத்தது. அத்தை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அப்பா ரயில்வே பட்டறையிலிருந்து வரவில்லை. கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தே சமாளித்துவிட்டேன். நேற்று ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போனேன், கணக்கெல்லாம் சரியாகப் போட்டேன். இன்றைக்கு மறுபடியும் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் அது முறைக்காய்ச்சல் என்று நம் பிரிக்பீல்ட்ஸில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன்னைக் கொண்டுபோன அதே காய்ச்சல்.

பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுவிடுமென்று துண்டைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை படுத்திருக்கிறாள். அப்பா கதவோரம் கட்டிலில். அவர்களிடம் சொல்ல முடியவில்லை. ஏன் என்று உனக்குத்தான் புரியும்.

நீ போன பிறகு ஒருநாள் அத்தை அப்பாவிடம் பேசினாள். "பெரியவளைச் சைக்கிள்ல சுத்த விட்டீங்க, பறிகொடுத்தீங்க. சின்னவளையாச்சும் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுங்கண்ணே. இவ படிச்சுக் கிழிச்சது போதும்." அப்பா பிசைந்த சோற்றை ஒதுக்கி வைத்தார். அப்புறம் சொன்னார்: "இவ ஒரு தடவை காய்ச்சல்னு படுக்கட்டும், அன்னிக்கே டிக்கெட்டு எடுத்துடுறேன். இன்னொண்ணு என்னால முடியாது."

சொன்னால் கப்பல். கப்பலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி, நீ படுத்திருந்த அந்த நீளமான கூடம். சொல்லாவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அதனால் நாம் இருவரும் கிள்ளானுக்குச் சைக்கிளில் போனதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் நீயாகத்தான் கூப்பிட்டாய். தோட்டங்களுக்கும் ஆற்றோரக் கம்பத்துக் கிராமங்களுக்கும் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து வருவது உன் வேலை. பாதையில் இருப்பவர்கள் எல்லாம் நர்ஸம்மா என்று சொல்லாமல் உன்னை "மிசி" என்றார்கள். நான் பின்னால் கேரியரில், உன் பையை மடியில் வைத்துக்கொண்டு. வாசலில் அத்தை நின்று பார்த்தாள்.

"ரெண்டு கழுதையும் ஒரே சைக்கிள்லயா? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"மூணாவது கழுதைக்கு இடமில்ல அத்தை, அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நீ மிதித்தாய். வளைவு திரும்பும்வரை அவள் திட்டுவது கேட்டது.

பந்தாய் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. பெட்டாலிங் மேடுகளில் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவில் செம்மண் பாதை. மரங்களுக்குள் பகலிலேயே இருட்டு. கேரியரில் உட்கார்ந்து உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். உச்சியில் நீ ஒரு காய்ந்த கொப்பை இழுத்து வந்து கயிற்றால் கேரியர் காலில் கட்டினாய்.

"பிரேக்குக் கட்டை தேஞ்சுபோச்சு. இனி இதான் பிரேக்கு."

"கயிறு அறுந்துட்டா?"

"நேரா ஆத்துல போய் நிப்போம். உனக்கு நீச்சல் தெரியும்ல?"

"தெரியாதுக்கா!"

"எனக்கும் தெரியாது. ஏறு."

கொப்பு மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால் வர, செம்புழுதியைக் கிளப்பியபடி இறங்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். சரிவின் கீழே வெற்றிலைக் கொடிக்காலில் கொடி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "என்ன மிசி, தொரைக்குத் தெரியாம மரத்தைக் கடத்துறீங்களா?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் சைக்கிளே ஆடியது.

அன்று மாலை ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நின்றோம். ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்தாய். கடைசி வீட்டுக்காரி வாசலை அடைத்தபடி நின்றாள். "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல மிசி. எல்லாரும் நல்லாருக்கோம்."

நீ நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு, "தாகமா இருக்கு, வரக்காப்பி குடுங்கக்கா" என்று உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாய். காப்பி வந்தது. பாதி குடித்தபோது அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். நான் பயந்து உன் கையைப் பிடித்தேன். அது பல் அடித்துக்கொள்ளும் சத்தம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. விறகுக்குப் பின்னால் சாக்கைச் சுற்றித் தன் சின்னப் பெண்ணை ஒளித்து வைத்திருந்தாள் அந்தம்மா.

அந்தம்மா அழுதுவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடாதீங்க மிசி. எதிர்வீட்டுக்காரி போனா, திரும்பி வரவேயில்ல."

"அவ எப்பப் போனா?"

"பேச்சு நின்னப்புறம் தூக்கிட்டுப் போனாங்க."

"இவ பேசுறாளா?" என்று கேட்டுவிட்டு நீ விறகுப் பக்கம் குனிந்தாய். "உன் பேர் என்னம்மா?"

"எனக்குக் குளுருது" என்றது உள்ளிருந்து குரல்.

"பாத்தீங்களா, பேசுறா. இப்பவே அனுப்புங்க."

தோட்டத்து மாட்டுவண்டியில் அவளை ஏற்றிய பிறகுதான் நீ அங்கிருந்து கிளம்பினாய். வழியில் சொன்னாய்: "காய்ச்சலுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா? நாம வாயை மூடிக்கிட்டு இருக்கிறது." அடுத்த மாதம் அந்தப் பெண் லயத்து வாசலில் கோழி துரத்திக்கொண்டு ஓடுகிறாள் என்று வந்து சொன்னாயே, அப்போது உன் முகம் எப்படி இருந்தது!

மறுநாள் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிக் கிள்ளான் ஆற்றங்கரைக்கு வந்தோம். காப்பி நிறத் தண்ணீர், ஓரமெல்லாம் நிப்பாப் பனை ஓலை, மரக்கால் ஊன்றி நிற்கும் கம்பத்து வீடுகள். ஆற்றில் முதலை உண்டென்று அத்தை சொல்லியிருந்தாள். கரையில் கிடந்த ஒவ்வொரு கட்டையும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு மலாய் அம்மா நம்மை வீட்டு ஏணிப்படியில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

உச்சி வெயில். நீ இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இளநீர்க் காய் உன் மடியில் ஆடியது.

"என்னக்கா?"

"உன்னை வச்சு மிதிச்சேன்ல, கை கால் எல்லாம் ஆடுது. எவ்வளவு கனம்லா நீ!"

அந்த அம்மா உன் நெற்றியைத் தொட்டு, "பானாஸ்" என்றார், சுடுகிறதாம். நீ அவர் கையை மெல்ல எடுத்துவிட்டு வெயிலைக் காட்டிச் சிரித்தாய். போர்த்திக்கொள்ள அவரிடம் ஒரு சாரோங் வாங்கிக்கொண்டாய். ஆற்றுக் காற்றாம். நானும் சிரித்தேன். என் கனத்தைச் சொல்லிக் கேலி செய்ததில் எனக்குக் கோபம்கூட வந்தது. தண்ணீரில் முதலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பயப்பட வேண்டியது என் பக்கத்தில் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

கிள்ளானில் சைக்கிளை ரயிலில் ஏற்றி வீடு வந்தோம். அதன்பின் சில நாள் நன்றாக இருப்பாய், சில நாள் விளக்கு வைக்கும் முன்பே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். வேலை அலுப்பு என்றாய். மாதம் போனதும் அது நின்றுவிட்டதுபோல் இருந்தது. மழைக்காலத்தில் மறுபடியும் வந்தது. ஒரு காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசற்படி இறங்கியவள் அப்படியே சரிந்தாய். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்து யாரோ ஒரு வண்டிக்காரர் என்று நினைத்து, "மெதுவா ஓட்டுங்கண்ணே" என்றாய்.

அங்கிருந்த மிசி கேட்டார்: "எத்தனை நாளாக் காய்ச்சல்?" அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நேரம் கடந்துவிட்டதென்று அந்த மிசியின் முகத்தில் வந்ததை, லயத்து வீட்டில் எதிர்வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டபோது உன் முகத்தில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம், அக்கா. இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளைக் கண்டுபிடித்தவள் நீ. நீயே அப்படி ஒளிந்துகொண்டாயே. உன் பையில் கொய்னா இருந்தது, ஊருக்கெல்லாம் கொடுத்தாய். நீ அதை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது. ஏன் மறைத்தாய் என்று மாதக்கணக்காக யோசித்தேன். இன்று என் பல் அடித்துக்கொள்ளும்போதுதான் விளங்கியது. நாம் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அப்பா உன்னிடம் சொன்னார்: "உடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சு, மறுநாளே சைக்கிளை வித்துடுவேன்." உனக்குச் சைக்கிள். எனக்குப் பள்ளிக்கூடம். கோபம் வருகிற அதே நேரத்தில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் உன்னைப்போலவே இருக்க ஆசைப்பட்டேன். உன்னைப்போல் தலை வாரினேன், உன்னைப்போல் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒன்றில் உன்னைப்போல் இருக்க மாட்டேன். அந்த விறகு வீட்டில் "இப்பவே" என்று சொன்ன குரல் எனக்குள் அப்படியே இருக்கிறது. அந்தக் குரல் சொன்னதைத்தான் கேட்பேன்.

அப்பா டிக்கெட் எடுக்கலாம். எடுத்தால் அழுவேன், அவர் காலைப் பிடித்துக் கெஞ்சுவேன். கெஞ்சுவதற்கு உயிரோடு இருக்க வேண்டுமே. ஆஸ்பத்திரியை நினைத்தாலும் பயம்தான். அதைவிட, நான் சொன்னதும் அப்பா முகம் எப்படி ஆகும் என்பதுதான் பெரிய பயம். அந்த முகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

குளிர் விட்டு உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. எழுத்து கோணுகிறது. கட்டில் கிரீச்சிடுகிறது, அப்பா புரண்டு படுக்கிறார். இன்னும் தூங்கவில்லை போலிருக்கிறது. இப்போது கூப்பிடாவிட்டால் கூப்பிடவே மாட்டேன், அக்கா. துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.