ஓட்டு முடியும் வரை விருந்தாளி

அனுப்புநர்:
தீர்த்தம்மாள்,
சட்டசபை மெம்பர் காளியப்பன் மனைவி,
இண்டூர், தர்மபுரி தாலுகா.

பெறுநர்:
கனம் சப்-மாஜிஸ்திரேட் அவர்கள்,
அரூர்.

பொருள்: சட்டசபை ஓட்டுக்காக என்னை விருந்தாளி என்ற பெயரில் நிறுத்தி வைத்திருப்பது.

மகா கனம் பொருந்திய ஐயா,

1. வரும் வியாழக்கிழமை சென்னைச் சட்டசபையில் காட்டுப் பொருள் குத்தகை மசோதா ஓட்டுக்கு வருகிறது. அது நிறைவேறினால் சித்தேரி மலை ஜனங்கள் எடுக்கும் தேனும் கடுக்காயும் குத்தகைதாரர் கைக்குப் போய்விடும். அதை நடக்க விடமாட்டேன் என்று மலையேறிச் சொல்லி ஜெயித்தவர் என் கணவர். இப்போது அவருடைய கட்சியே மசோதாவைக் கொண்டுவருகிறது. இரு பக்கமும் ஏறக்குறையச் சமம் என்கிறார்கள்.

2. கட்சிக் கொறடா மெம்பர்களை மொரப்பூரில் ரயிலேற்றிக் கொண்டுபோய், சென்னையில் ஒரே பங்களாவில் வைத்திருக்கிறார். வரும் கடிதங்களை அவர் பிரித்துப் படித்த பிறகே கொடுக்கிறார். அதே சமயம் கட்சியின் ஜில்லா தலைவர் கிருஷ்ணப்பன், தம் வீட்டு நோன்புக்கு என்னை அழைத்தார். நம்பி வந்தேன்.

3. நோன்பு முடிந்துவிட்டது. வந்த சுமங்கலிக்கு வீட்டு அம்மாள் மஞ்சள் குங்குமம் கொடுத்த பிறகே விடைபெறுவது எங்கள் வழக்கம். அதைக் கேட்டால், "நாளைக்குத் தரோமுங்க" என்கிறார்கள். வாங்காமலே போகிறேன் என்று வாசலுக்குப் போனேன். தடியோடு இருவர் குறுக்கே நின்றார்கள். தலைவர் வந்து மரியாதையாகவே சொன்னார்: "ஓட்டு முடியட்டுங்கம்மா. உங்க வூட்டுக்காரர் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா, அப்புறம் உங்களுக்குக் குங்குமம் எதுக்குங்க?"

4. தலைவர் சொற்படி நடக்கவும் என்று கணவருக்கு என்னை எழுத வைத்தார்கள். நான் அப்படி எழுதுகிறவள் அல்ல; என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டிருப்பார். நான் இங்கே இருக்கும் வரை அவர் தலைவர் சொன்ன பக்கமே ஓட்டுப் போடுவார்.

5. இம்மனுவைக் கொண்டுவருபவரின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது. அவரை விசாரிக்க வேண்டாம்.

ஆகையால் தங்கள் சமுகம் கருணை கூர்ந்து, போலீஸ் அனுப்பி என்னை இண்டூர் சேர்க்க வேண்டும். ஓட்டுக்குள் அது முடியாதென்றால், நான் வீடு சேர்ந்துவிட்டதாகத் தங்கள் பெயரில் என் கணவருக்கு ஒரு தந்தி கொடுக்கவும். பங்களாவுக்கு அனுப்பினால் கொறடா கையில் சிக்கும். சட்டசபை விலாசத்துக்கே அனுப்பவும். பொய்த் தந்தி குற்றமானால் அதை என் பேரில் எழுதிக்கொள்ளவும். அவர் மொரப்பூரில் வந்து இறங்கும்போது போலீஸ் காவல் இருக்க வேண்டும்.

தந்தியை நம்பி அவர் மலை ஜனங்களுக்குச் சொன்னபடி ஓட்டுப் போட்டுவிடுவார். அந்தச் சேதி இந்த வீட்டுக்கு வரும்போது நான் இங்கேதான் இருப்பேன். மிகவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் தந்தியைக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: மொரப்பூர் அருகே, தலைவர் வீட்டுப் பின்கட்டு
தேதி: 13-9-1938

தங்களையே நம்பியிருக்கும்,
(ஒப்பம்) இ. தீர்த்தம்மாள்