துணிக்கொடிக் கம்பத்தின் அடியில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், வீடும் ஒரு வழியாக நலமாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "அம்மாகிட்ட குடு" என்பதோடு சரி. அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துப் போட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

இந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் கூடத்தில், என் தையல் மெஷினுக்கு நேர் மேலே, அதே பழைய இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணியில் பாதி நனைந்து சாயம் இறங்கிவிட்டது. மெஷினை இழுத்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். மழைச் சத்தமும் மெஷின் சத்தமும் போதாதென்று பக்கெட்டில் சொட்டுகிற சத்தம் வேறு என்று அம்மா சிடுசிடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து ஒன்றே முக்கால் வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் அதை எப்படிப் பேசினேன் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. புறாக்கூண்டுக்காக நீ மொட்டைமாடித் தளத்தைத் துளைத்துப் போட்ட நான்கு போல்ட்டுதான் காரணம், கூண்டைக் கழற்றிப் போல்ட்டுகளின் மேல் தார் பூசினேன், ஒழுகல் நின்றது, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று துணி தைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் அளந்தேன். கூண்டும் இல்லை, துளையும் அடைத்தாயிற்று. பிறகு எப்படி ஒழுகும்?

மழை விட்டதும் ஒழுகல் பார்க்கிற ஒருவரை வரச் சொன்னேன். சுத்தியல் காம்பால் தளம் முழுக்கத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிற ஆள். எல்லோரும் அவரை டொக்டொக் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். போல்ட்டுகளைக் காட்டி இங்கேதான் என்றேன். எது ஓட்டை என்று நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு என்று கேட்டார். உன்னைத் தவிர யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் வேலை செய்கிற விதம் வேறு. நல்ல வெயில் நாளில் வந்து, கரண்ட் மெயினை அணைக்கச் சொல்லி, ஹோஸில் தண்ணீர் விட்டார். தளம் முழுக்க இல்லை. தாழ்வான மூலையில் தொடங்கி, ஓர் இடத்துக்கு இருபது நிமிடம். கீழே அம்மா நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டும் கரண்டியும் வைத்திருந்தாள். சொட்டு விழுந்தால் தட்டில் அடிக்க வேண்டும். நான் அடம் பிடித்ததால் உன் போல்ட்டுகளின் மேலிருந்த தாரைச் சுரண்டிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டோம். தட்டுச் சத்தமே இல்லை. அம்மா தூங்கிவிட்டாளோ என்று கீழே ஓடினேன். "ஒழுகினா அடிக்க மாட்டேனா? போடி" என்றாள். கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஹோஸை எடுத்துக்கொண்டு எதிர் முனைக்குப் போனார். அங்கே என் துணிக்கொடிக் கம்பம். அங்கே வேண்டாம், கூடத்துக்கும் அதற்கும் பன்னிரண்டு அடி தூரம் இருக்கிறது என்று தடுத்தேன். தண்ணி எறங்குற எடம் ஒண்ணு, சொட்டுற எடம் ஒண்ணும்மா என்றார். கம்பத்தின் அடியில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கீழே அம்மா தட்டை உடைக்கிற மாதிரி அடித்தாள். கம்பம் நட்ட குழி, தளத்துக்குள் மின்கம்பி போகிற குழாயைத் தொட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் குழாய் வழியே நடந்து போய் மின்விசிறிக் கொக்கியில் இறங்கியிருக்கிறது.

அந்தக் கம்பத்தை நட்டது உன் அத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய மாதம், மூச்சு வாங்க வாங்க நட்டார். நானே குழி தோண்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அதை யாரையும் தொட விட்டதில்லை, அதுவும் உனக்குத் தெரியும்.

டொக்டொக் அடியிலிருந்த காரையைக் கொத்தினார். உள்ளே தார். தாருக்குள்ளே கம்பத்தைச் சுற்றி சைக்கிள் ட்யூப் பட்டை, வெயில் சூட்டில் வெடித்துப் போய். அதன் மேல் செம்புக் கம்பி கட்டு. கம்பியின் முனை, யார் கையையும் கீறாதபடி உள்ளே மடக்கி, ஒரு தட்டுத் தட்டி அமுக்கி வைத்திருந்தது. சமையலறைக் குழாயிலும் அம்மாவின் ஊன்றுகோலிலும் அதே மடிப்பைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு அது யார் கை என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கீழே போய் அம்மாவை உலுக்கினேன். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். நீ கிளம்பிய அன்று காலையில் வெகு நேரம் மாடியில் இருந்தாயாம். கையில் தாரோடு இறங்கி வந்தாயாம். கேட்டதற்கு, "அத்தான் நட்டதாலதான் ஒழுகுதுன்னு தெரிஞ்சா அக்கா தாங்காது, என் மேலேயே இருக்கட்டும்" என்றாயாம். ஒன்றே முக்கால் வருடம் இதை வயிற்றில் போட்டுக்கொண்டு நான் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறாள் இந்த அம்மா! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

பத்து வருடமாகக் குழாய் ஒழுகலை அடைத்துப் பிழைக்கிறவனைப் பார்த்து, உன் கை பட்ட இடமெல்லாம் ஓட்டைதான் என்று பக்கத்து வீட்டார் முன்னால் வைத்துச் சொன்னேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மறுநாளே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாய். ஒழுகல் நின்றதற்கு நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் நீ கட்டிவிட்டுப் போன அந்த ரப்பர் பட்டையால். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி. துணி வெட்டும்போது, பாத்திரம் கழுவும்போது நினைவு வந்து முகம் சுடுகிறது.

வேலை முடிந்துவிட்டது. கம்பத்தை நானே பிடித்து ஆட்டி எடுத்தேன். அழுதேன், ஆனால் எடுத்தேன். குழியைச் சுத்தம் செய்து சுருங்காத சிமென்ட் வைத்து அடைத்து, மேலே வலை ஒட்டி இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பூசியிருக்கிறார். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்துக் கிடந்ததற்கும் எனக்குத் திட்டு விழுந்தது. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை கூட்டிவிட வேண்டுமாம். நேற்றிரவு நல்ல மழை. மெஷின் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, மேலே காய்ந்து கிடக்கிறது.

கம்பத்தைத் தளத்தைத் தொடாமல் கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம் என்கிறார். நான் அவரைச் செய்யவிடவில்லை. துடைத்து மாடிப்படிக்கடியில் சாய்த்து வைத்திருக்கிறேன், அதை நிறுத்துகிற கை உன்னுடையதாக இருக்க வேண்டும். கூண்டைக் கழற்றியபோது நான் பேக்கரிக்காரர் மாடியில் விட்ட உன் புறாக்கள் இப்போது ஏழு. அவை போடுகிற சத்தம் தாங்கவில்லை, எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார்.

போகும்போது டொக்டொக் அந்த நான்கு போல்ட்டையும் அறுத்து எடுத்துவிடவா என்று கேட்டார். இவ்வளவு சுத்தமா போட்டிருக்காங்களே, யாரு என்றும் கேட்டார். என் தம்பி என்றேன். இருக்கட்டும், அவன் வருவான் என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியாததா? அது ஒரு தடவை பொய் சொல்லி உன்னை அனுப்பிவிட்டது. இந்தத் தடவை சொன்னதை மட்டும் பொய்யாக்கிவிடாதே, தம்பி.

போல்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கும்,
உன் அக்கா